தன்மை ஒருமையில் பிரிவு: மாதவ் ஜூலியன் கவிதைகளை முன்வைத்து ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

காதல் முறிவைப் பொருளாகக் கொண்டு பாடுபவரே இயற்றி, அதனைத் தம் சொந்த வாழ்வின் செய்தியாகவே கேட்போர் கொள்ளுமாறு அமைக்கும் பாட்டுத் தொகுப்பு, மேலையுலக வெகுமக்கள் இசையில் தனியொரு வகையாக நிலைபெற்றுள்ளது. 1971இல் வெளிவந்த ஜோனி மிட்செலின் 'புளூ', 2011இல் வெளிவந்த அடெலின் '21' ஆகிய இசைத்தட்டுகள் இவ்வகைக்குப் பலராலும் எடுத்துக்காட்டப்படுவன. கவிதைத் திறனாய்வில் இதற்கு இணையான 'கன்ஃபெஷனல்' என்னும் அடைமொழி, ராபர்ட் லோவலின் 'லைஃப் ஸ்டடீஸ்' நூலுக்கு எம். எல். ரோசந்தால் 1959இல் எழுதிய மதிப்புரையின் வழியே பரவியது.

இச்சொல்லைத் தமிழில் பெயர்ப்பதே கடினம். 'ஒப்புதல் வாக்குமூலம்' என்றால் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது. 'பாவசங்கீர்த்தனம்' என்றால் தேவாலயம் வருகிறது. இரண்டிலும் குற்றம் உண்டு. காதலித்தவன் தன் துயரைக் கூறுவதில் குற்றம் ஏதுமில்லை. ஆகவே இக்கட்டுரையில் 'தன்னுரைப்பு' என்னும் சொல் ஆளப்படுகிறது.

தன்னுரைப்பு என்பது கட்டற்ற உணர்ச்சிப் பெருக்கு என்றும், அதனை விளக்கக் கவிஞரின் வாழ்க்கை வரலாறே போதும் என்றும் கருதுவோர் உளர். இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. தன்னுரைப்பு முதலில் ஓர் இலக்கணத் தெரிவு. மொழிபெயர்ப்பாளர் பெயர்க்க வேண்டுவது அத்தெரிவையே என்பதைப் புனே நகரில் 1920களில் எழுந்த மராத்திக் காதற்கவிதையைச் சான்றாகக் கொண்டு நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

2. கவிஞரும் காலமும்

மாதவ் த்ரியம்பக் பட்வர்தன் (1894-1939) பரோடாவில் பிறந்தவர். 'மாதவ் ஜூலியன்' என்பது அவருடைய புனைபெயர். ஷெல்லியின் கவிதை ஒன்றில் வரும் ஜூலியன் என்னும் பாத்திரத்தோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவர். 1918 முதல் 1924 வரை புனே பெர்குசன் கல்லூரியிலும், 1928 முதல் இறுதிவரை கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியிலும் பாரசீகம் கற்பித்தார். 1923இல் புனேயில் தோன்றிய 'ரவிகிரண் மண்டல்' என்னும் கவிஞர் குழுவில் யஷ்வந்த், கிரீஷ் முதலியோரோடு முன்னின்றவர். கவிதையை அவையில் பாடிக்காட்டும் வழக்கத்தைப் பரப்பியது இக்குழுவின் பெரும்பணி. அச்சில் படிக்கும் கவிதை செவியால் கேட்கும் பாட்டாக மாறியபோது, 'நான்' என்னும் சொல்லுக்கு உரிய குரலும் முகமும் கேட்போர் கண்முன் நின்றன. இன்றைய பாட்டுத் தொகுப்பின் நிலையும் இதுவே.

ஜூலியனின் இளமைக்கால வாழ்வில் ஒரு காதல் முறிந்தது. அது குறித்து நகரில் பேச்சு எழுந்தது. 1926இல் வெளிவந்த 'விரஹதரங்க' என்னும் நெடுங்கவிதையை அப்பின்னணியோடு சேர்த்தே பலரும் படித்தனர். 'கஜ்ஜலாஞ்ஜலி' (1933) என்னும் கஜல் தொகுதியும் அவ்வாறே படிக்கப்பட்டது. அக்காதலில் தொடர்புடைய பெண்ணின் பெயரை இக்கட்டுரை கூறவில்லை. அதற்கான காரணம் இறுதியில் விளங்கும்.

3. மரபில் தன்மை ஒருமை

மராத்திக்குத் தன்மை ஒருமைக் கவிதை புதிதன்று. புனேக்கு அருகிலுள்ள தேஹூவில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராமின் அபங்கங்களில் வறுமை, இழப்பு, ஐயம் ஆகிய சொந்த அனுபவங்கள் இடம்பெறுகின்றன. இறுதியில் அவர் பெயர் முத்திரையாக அமைகிறது. தேவாரப் பதிகங்களின் திருக்கடைக்காப்பில் ஞானசம்பந்தர் தம் பெயரை அமைப்பதும், பாரசீகக் கஜலின் கடைசி ஈரடியில் கவிஞர் தம் புனைபெயரைப் பதிப்பதும் இதனோடு ஒப்பிடத்தக்கன.

காதற்கவிதையின் நிலை வேறு. மகாராஷ்டிரப் பிராகிருதத்தில் அமைந்த 'காதாசப்தசதி'யில் பேசுவோர் பெயரற்றவர்கள். அத்தொகுப்புக்கும் சங்க அகப்பாடல்களுக்கும் உள்ள உறவை ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். தமிழிலோ இது விதியாகவே கூறப்பட்டது: அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது. நெடுநல்வாடையில் வேம்பு பற்றிய குறிப்பு பாண்டியனைச் சுட்டுவதால், பொருளால் அகமாகிய அப்பாட்டு புறமாயிற்று என்று உரையாசிரியர் வகுத்தனர். ஓர் இலை ஒரு திணையையே மாற்றிவிட்டது.

இவ்விதியின் விளிம்பில் நிற்பவர் வெள்ளிவீதியார். அவர் பாடிய பிரிவுத் துயரை அவருடைய சொந்தத் துயராகவே பண்டையோர் கருதினர் என்பதற்கு அகநானூறு 147ஆம் பாட்டில் ஔவையார் அவரை உவமையாக்குவது சான்றாகும். ஆயினும் அவருடைய பாடல்கள் தலைவி கூற்று என்னும் அமைப்பை விட்டு வெளியேறவில்லை. வாழ்வு கூற்றினுள் புகுந்தது, கூற்று கலையவில்லை.

ஆகவே, பக்தியில் பெயருடைய 'நான்', காதலில் பெயரற்ற 'நான்' என்பதே இரு மொழிகளின் பழைய பங்கீடு. ஜூலியன் இப்பங்கீட்டை மீறிக் காதலின் 'நான்' என்பதற்கு ஓர் ஆளை உரிமையாக்கினார். அதற்கு மராத்தி இலக்கணம் துணைநின்றது. சில இடங்களில் வற்புறுத்தவும் செய்தது.

4. வினைமுற்றில் பால்

பாரசீகத்தில் இலக்கணப் பால் இல்லை. படர்க்கைப் பெயரிலும் ஆண், பெண் வேறுபாடு இல்லை. தமிழில் அவன், அவள் என்னும் படர்க்கையில் பால் உண்டு. தன்மை, முன்னிலை வினைகளில் இல்லை. மராத்தியில் ஆண்பால், பெண்பால், அலிப்பால் என முப்பால் உண்டு. நிகழ்காலத்திலும், செயப்படுபொருள் குன்றிய வினையின் இறந்தகாலத்திலும், ஒருமையில் தன்மை, முன்னிலை வினைகளும் பால் காட்டும். ஆண் 'மீ கேலோ' (நான் சென்றேன்) என்பான்; பெண் 'மீ கேலே' என்பாள். முன்னிலையிலும் ஆணை நோக்கி 'தூ கேலாஸ்', பெண்ணை நோக்கி 'தூ கேலீஸ்' என்பர்.

பாரசீகக் கஜலின் காதலி பெண்ணா, இளைஞனா, இறைவனா என்னும் தெளிவின்மை அம்மொழி இயல்பாக அளித்த திரை. உருதுவில் வினை பால் காட்டும் எனினும், காதலிக்கும் ஆண்பால் வினையையே வழங்கும் மரபால் உருதுக் கவிஞர் அத்திரையைக் காத்தனர். ஜூலியன் வழி வந்த மராத்திக் காதற்கவிதை பெண்ணைப் பெண்பாலிலேயே விளித்தது. திரை விலகியது. எதிரே நிற்பவள் ஒரு பெண் என்றாகியதும், 'எந்தப் பெண்?' என்று கேட்போர் வினவத் தொடங்கினர். ஊர்ப்பேச்சுக்கு இலக்கணமும் ஒரு வாயில் திறந்தது எனலாம்.

இதற்கு நேர்மாறான கூறு ஒன்றும் மராத்தியில் உண்டு. செயப்படுபொருள் குன்றா வினையின் இறந்தகாலத்தில் வினைமுற்று எழுவாயோடு இயையாமல், வேற்றுமை உருபு ஏலாத செயப்படுபொருளோடு இயையும். 'மீ பத்ர லிஹிலே' (நான் கடிதம் எழுதினேன்) என்பதில் வினை அலிப்பாலாகிய கடிதத்தோடு இயைகிறது. 'மீ முல்கீ பாஹிலீ' (நான் பெண்ணைப் பார்த்தேன்) என்பதில் வினை பெண்பால் பெறுகிறது. பார்த்தவன் செயல் பார்க்கப்பட்டவளின் அடையாளத்தைச் சுமக்கிறது. தமிழில் 'பார்த்தேன்' என்னும்போது வினையின் இறுதியில் நிற்பது பார்த்தவனே.

பிரிவைப் பேசும் மராத்திக் கவிதையில், 'சென்றேன், இருந்தேன், தனித்தேன்' என்னும் வினைகளில் பேசுபவன் ஆணாக வெளிப்படுகிறான். 'கண்டேன், கேட்டேன், எழுதினேன்' என்னும் வினைகளில் மறைந்து, கண்டதற்கும் கேட்டதற்கும் இடம் தருகிறான். இவ்வாறு மாறிமாறி வெளிப்படுவதும் மறைவதும் கவிஞர் வலிந்து செய்யாமலே நிகழ்வது.

உணர்வு வினைகளில் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. 'மலா ஆட்வதே' என்பதில் நினைவுகூர்பவன் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். தமிழிலும் 'எனக்கு நினைவு வருகிறது', 'எனக்கு வலிக்கிறது' என்கிறோம். இந்தியாவை ஒரு மொழியியல் பரப்பாக எமனோ 1956இல் வரையறுத்ததன் பின்னர் பெரிதும் ஆராயப்பட்ட கூறுகளுள் இதுவும் ஒன்று. ஆங்கிலப் பாட்டில் துயரின் எழுவாய் 'நான்'. நம் மொழிகளில் துயர் தானே வருகிறது. 'நான்' அது வந்து சேரும் இடம் மட்டுமே. மேலையுலகத் தன்னுரைப்பை அளவுகோலாகக் கொண்டு நம் கவிதையில் 'நான்' வலுவற்றது என்று கூறுவோர் இவ்வேற்றுமை உருபைக் கருதுவதில்லை.

5. கஜல் வடிவும் அதன் நெகிழ்வும்

கஜலின் ஈரடி ஒவ்வொன்றும் பொருளால் தனித்து நிற்க வேண்டும் என்பது மரபு. ஜூலியனின் கஜல்கள் பலவற்றில் ஓருணர்ச்சி முதலிலிருந்து இறுதிவரை தொடர்கிறது. அவர் கஜலின் யாப்பைக் கொண்டாரேயன்றி அதன் அமைப்பைக் கொள்ளவில்லை என்று குறை கூறப்பட்டது. பின்னர் சுரேஷ் பட் (1932-2003) கஜலின் இலக்கணத்தை மராத்தியில் உறுதிப்படுத்தினார்.

வடிவ நோக்கில் இக்குறை பொருந்தும். எனினும் அது ஏன் நேர்ந்தது என்பதும் ஆராயத்தக்கது. ஒரு பிரிவின் கதையைக் கூற விழைபவனுக்கு முன்னும் பின்னும் தேவை. தனித்து நிற்கும் ஈரடிகள் அதற்கு இடம் தருவதில்லை. தன்னுரைப்பு தொடர்ச்சியை வேண்டியது; கஜல் அதற்கு வளைந்தது. ஜூலியனுக்கு யாப்பறிவில் குறைவு இருந்தது என்று கூற இயலாது. மராத்தி யாப்பை ஆராயும் 'சந்தோரசனா'வின் திருத்திய பதிப்பை 1937இல் வெளியிட்டு, அதற்காக 1938இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் டி.லிட். பட்டம் பெற்றவர் அவர். விதியை அறிந்தவர் மீறியது விதியறியாமையாகாது.

6. சொல்லின் பிறப்பும் உணர்வின் உண்மையும்

1925இல் பாரசீக-மராத்தி அகராதி ஒன்றைத் தொகுத்த ஜூலியன், தம் முற்காலக் கவிதையில் பாரசீகச் சொற்களைத் தாராளமாக வழங்கினார். பின்னர் மொழித்தூய்மை இயக்கத்தின் உறுதியான ஆதரவாளராகி, 1938இல் 'பாஷாசுத்தி-விவேக்' என்னும் நூலை எழுதினார். பிற்காலக் கொள்கையின்படி நோக்கினால் அவருடைய முற்காலக் காதற்கவிதையே திருத்தத்துக்கு உரியதாகிறது.

தமிழ் வாசகர் இதனை எளிதில் உணர்வர். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய சுவாமி வேதாசலம் தம் பெயரையே மறைமலையடிகள் என மாற்றிக்கொண்டார். ஜூலியனோ தூய்மைக் கொள்கையை ஏற்ற பின்னரும் கவிதையுலகில் அந்த அயற்பெயராலேயே அறியப்பட்டார். கொள்கை சொற்றொகுதியைத் தொட்டது. காதலித்தவனின் பெயரைத் தொடவில்லை. தன்னுரைப்பில் சொல்லுக்கும் அனுபவத்துக்கும் உள்ள பிணைப்பு, சொல்லின் வேர் எம்மொழியது என்பதைப் பொறுத்ததன்று. அது எந்த வயதில், எவரிடம், எந்நிலையில் வழங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

7. தமிழில் பெயர்த்தல்

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் மூன்று.

முதலாவது, பால். 'தூ கேலீஸ்' என்பது 'நீ சென்றாய்' ஆகும்போது, மராத்தி விலக்கிய திரை தமிழில் மீண்டும் விழுகிறது. இதனை ஈடுசெய்ய அடிதோறும் 'பெண்ணே', 'கண்ணே' என விளிசேர்ப்பவர் உளர். மூலத்தில் ஓர் ஈற்றசை அமைதியாகச் சொன்னதை இது உரத்துச் சொல்கிறது. முன்னிலையைப் படர்க்கையாக்கி 'அவள் சென்றாள்' என்பது அதனினும் தவறு. எதிரில் நின்றவள் கதைமாந்தராகிவிடுகிறாள். பாட்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு சொல்லால் பாலை உணர்த்தி, பின்னர் 'நீ' என்பதை இயல்பாக விடுவதே தக்கது.

இரண்டாவது, சொல். பாரசீகச் சொற்கள் தமிழில் வசூல், பாக்கி, தாசில் எனப் பெரிதும் வருவாய்த்துறை வழியே நிலைத்தன. காதலின் மொழியாக வரவில்லை. 'தில்' என்பதை அப்படியே விட்டால் தமிழ் வாசகர் இந்தித் திரைப்பாட்டை நினைப்பார். 'விரஹதரங்க' என்னும் தலைப்பிலும் இடர் உண்டு. மராத்தியில் 'விரஹ' பிரிவுத்துயர். தமிழில் 'விரகம்' உடல்வேட்கையின் பக்கம் சாய்ந்துவிட்டது. 'பிரிவலைகள்' எனில் பாலைத்திணையின் உரிப்பொருள் உடன்வருகிறது. பெயரற்ற காதலர் உலகும் உடன்வருகிறது. இது இழப்பே எனினும், முன்னதினும் சிறிய இழப்பு.

மூன்றாவது, யாப்பு. குறில் நெடில் அளவால் அமையும் கஜல் சந்தத்தை நேரசை, நிரையசைகளில் அடக்க முயல்வதினும், எழுத்தின் மாத்திரையைக் கணக்கிடும் நம் சந்தப்பா, வண்ண மரபுகளில் தேடுவது பயன்தரும். அடியிறுதியில் ஒரே சொல் மீண்டும் வருவது நமக்கு இயைபுத்தொடையாகவே கிட்டுகிறது. வினை இறுதியில் நிற்கும் தொடரமைப்பு பாரசீகம், மராத்தி, தமிழ் மூன்றுக்கும் பொது என்பதால் இவ்விடத்தில் தமிழ் ஆங்கிலத்தினும் வசதியுடையது. தமிழ்க் கஜலுக்கு அப்துல் ரகுமானின் 'மின்மினிகளால் ஒரு கடிதம்' முன்னோடியாக உள்ளது.

8. முடிவுரை

தன்னுரைப்புக் கவிதையை வாழ்க்கைக் குறிப்பாக வாசிப்பதால் இரு தீங்குகள் விளைகின்றன. ஒன்று, கவிதையின் மொழிச்செயல் கவனிக்கப்படாமற் போகிறது. மற்றொன்று, 'நான்' பேசுகையில் 'நீ' மறுமொழி கூற வாய்ப்பின்றி வெளிச்சத்தில் நிறுத்தப்படுகிறாள். ஜூலியனுக்குக் கவிதை இருந்தது. எதிரே இருந்தவருக்கு அக்கவிதைக்குள் ஒரு பெண்பால் ஈறு மட்டுமே இருந்தது. அகத்திணையில் பெயர் சுட்டாமையை வெறும் இலக்கியக் கட்டுப்பாடாக நாம் கற்பித்து வருகிறோம். பேசாத ஒருவரைக் காக்கும் நாகரிகமும் அதில் அடங்கியுள்ளது. இக்கட்டுரை ஒரு பெயரைக் கூறாது விட்டது அதனாலேயே.

தமிழ் வினைமுற்று முன்னிலையில் பால் காட்டாதது மொழிபெயர்ப்புக்குக் குறை எனத் தொடக்கத்தில் தோன்றும். 'நீ சென்றாய்' என்பதில் சென்றவருக்கு ஒரு மறைவிடம் கிடைக்கிறது என்பதையும் மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிற இந்திய மொழிகளின் தன்னுரைப்புப் பாட்டுகளும் இந்நோக்கில் ஆராயப்படுமாயின், இலக்கணப் பாலுக்கும் இலக்கியக் கூற்றுக்கும் உள்ள உறவு மேலும் தெளிவுறும்.