பதக்கக் கதையும் விடியற்கால ஓட்டமும்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ விடியற்காலையில் ஓடுகிற பையனை நிறுத்தி, யாரைப் பார்த்து ஓட வந்தாய் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எந்தச் சாம்பியன் பெயரும் வராது. "போலீஸ் செலக்‌ஷன் இருக்குண்ணே" என்பான். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். அவர்களை எழுப்பிவிடுவது அந்தக் கடிகாரம்தான்.

ஆனால் பள்ளி மேடைகளில் நாம் சொல்லிக்கொடுப்பது வேறு கதை. 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், திருச்சியை அடுத்த முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். 1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அதனால் இங்கே அவர் வெளியூர்ப் பெண்ணாகத் தெரியவில்லை. வறுமை, இறந்துபோன தந்தை, பிய்ந்த ஷூ என்று கதை பரவியது. கட்சிகளும் நடிகர்களும் பணம் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட கதையால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். ஓடுகிற பிள்ளையைவிட அதன் பெற்றோரிடம்தான் அது அதிகம் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. வேப்பந்தட்டைப் பக்கமோ செந்துறைப் பக்கமோ வயசுக்கு வந்த பெண் டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடினால், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். "கோமதி ஓடலையா?" என்று அம்மா திருப்பிக் கேட்க முடிந்தால், அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. எந்த உற்சாகப் பேச்சும் இவ்வளவு செய்யாது.

குறை எங்கே என்றால், கதையின் நடுப்பகுதியை நாம் வெட்டிவிடுகிறோம். தங்கம் வாங்கியபோது கோமதிக்கு வயது 30. அதற்கு முன் அதே ஆசியப் போட்டியில் 2013இல் புனேயில் ஏழாவது இடம், 2015இல் வூஹானில் நான்காவது இடம். வருமான வரித்துறையில் வேலையும் இருந்தது. மேடையில் யாராவது ஏழாவது இடத்தைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? குடிசையிலிருந்து பதக்க மேடைக்கு ஒரே தாவலில் போனதாகக் கேட்கிற பிள்ளை, கஷ்டப்பட்டாலே வேகம் வந்துவிடும் என்று நம்புகிறது. முதல் நாளே மூச்சு முட்ட ஓடுகிறது. மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, முன்னெலும்பு வலிக்கிறது. பெரம்பலூர் கரிசலில் மழை பெய்தால் அப்பும் சேற்றில் ஷூ இரண்டு மடங்கு கனக்கும்; அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு ஒதுங்கி, புழுதிக்குள் ஓட வேண்டும். இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று பதக்கக் கதை சொல்வதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு சோதனையில் தெரியவந்ததால் 2020இல் கோமதிக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது, தங்கமும் பறிபோனது. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார் அவர். அவரைப் புகழ்ந்து பேசிய மேடைகள் சத்தமில்லாமல் வேறு பெயருக்கு மாறிக்கொண்டன. அவரை நம்பி ஓட வந்த பிள்ளைக்கு, ஊட்டச்சத்துப் பொடியில் என்ன இருக்கிறது, ஊசி எதற்கு, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று சொல்லித்தர அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. அதைத் தவறவிட்டோம்.

புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனை இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அதே தோகா, அதே 800 மீட்டர். 2006 ஆசிய விளையாட்டில் வாங்கிய வெள்ளியைப் பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பறித்தார்கள். அவர் எந்த மருந்தும் எடுத்து மாட்டியவர் அல்ல. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது அநியாயம்.

சாம்பியனிடம் என்ன கேட்க வேண்டும் என்பதில், கென்யாவின் ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே செய்தது எனக்குப் பிடிக்கும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸில் வெள்ளி வென்ற பாட்ரிக் சாங் அவர் ஊர்க்காரர். சிறுவன் கிப்சோகே அவரிடம் போய், எனக்கு ஒரு பயிற்சித் திட்டம் கொடுங்கள் என்று கேட்டான். சாங் சில நாட்களுக்கானதைச் சொல்லிக்கொடுத்தார். செய்து முடித்துவிட்டு மறுபடி வந்து நின்றான். பின்னாளில் மாரத்தானில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற பிறகும் அதே சாங்தான் பயிற்சியாளர்.

நம் பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒரு வீராங்கனை வந்தால், பொன்னாடை போர்த்தி, ஜோதியைக் கையில் கொடுத்து, பட்ட கஷ்டத்தைச் சொல்லச் சொல்கிறோம். அந்த அரை மணி நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டோடு சுற்றி உட்கார்ந்து, போன திங்கட்கிழமை எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள், அதில் எவ்வளவு மெதுவாக, கால் வலித்தால் எத்தனை நாள் ஓய்வு, மாதவிடாய் நாட்களில் என்ன செய்வீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கட்டும். உடற்கல்வி ஆசிரியரும் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும். மறுநாள் காலை மைதானத்தில் நிற்கப்போவது அவர்தான்.