நாய்க்கு ஒரு வேலி: அடியிலிருந்து பார்த்த விமர்சனம்

வேலிக் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை அடி உயரம் வேணும்?" என்றுதான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்தக் கேள்வி போதும். நாய்க்காக வாங்குகிறவர் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்தால் பாதி வேலை பாக்கி. நாய் வேலியைச் சோதித்துப் பார்ப்பது தரையை ஒட்டிய முதல் அடியிலும் கதவிலும்தான். கடைக்காரர் அந்த இரண்டைப் பற்றியும் வாய் திறப்பதில்லை.

சோதனைக் களம்: கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் மண்ணில் ஐந்து சென்ட் கொல்லைப்புறம். முன்பிருந்தவர்கள் விட்டுப்போன முள்கம்பி ஒரு பக்கம், ரெடிமேட் காம்பவுண்ட் சுவர் ஒரு பக்கம், மீதிக்குப் புதிதாகப் போட்ட கம்பி வலை. சோதித்தவர் இரண்டு வயதுச் சிப்பிப்பாறைக் கடுவன். விருதுநகர் மாவட்டத்துக் கிராமத்தின் பெயரைச் சுமக்கும் இந்த இனம் முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டது. நீண்ட கால், ஒட்டிய வயிறு, குட்டை ரோமம், மெல்லிய தோல். கண்ணில் ஏதாவது அசைந்தால் யோசனை கிடையாது, ஓட்டம்தான்.

முள்கம்பியை முதலில் முடித்துவிடுவோம். நாய் இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. அணிலைத் துரத்துகிற நாய் கம்பியைப் பார்ப்பதில்லை. மெல்லிய தோல் கிழிந்தால் தையல்தான். கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தெருநாய் தாராளமாக உள்ளே வரும். தடுக்கவும் தடுக்காது, காயமும் படுத்தும். கழற்றி எடைக்குப் போட்டுவிடலாம்.

கம்பி வலைதான் நம் ஊரில் பெரும்பாலோர் வந்து சேரும் இடம். செயின் லிங்க் என்றும் டைமண்ட் வலை என்றும் சொல்வார்கள். இதில் கவனிக்க வேண்டிய முதல் எண் கேஜ். எண் ஏற ஏறக் கம்பி மெலியும்: 8 கேஜ் சுமார் 4 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.25, 12 கேஜ் 2.64. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரே கண் அளவில் 10 கேஜ் வலையில் இரும்பு ஒன்றரை மடங்கு. சதுர அடிக் கணக்கில் மலிவாகச் சொல்பவர் பெரும்பாலும் மெல்லிய கம்பியைத்தான் காட்டிக்கொண்டிருப்பார்; எடை போட்டுக் கேளுங்கள். பன்னிரண்டு கேஜை நாய் மூக்கால் தள்ளித் தள்ளியே அடிப்பக்கத்தை வயிறு தள்ள வைத்துவிடும். பத்து கேஜைவிட மெல்லிய கம்பி வேண்டாம்.

இரண்டாவது எண், கண்ணின் அளவு. தோட்டத்துக்குப் போடுகிற மூன்று அங்குலக் கண் நாய்க்குப் படிக்கட்டு. பாதத்தை நுழைத்து ஏறும். மூக்கை வெளியே நீட்டித் தெருநாயிடம் கடியும் வாங்கும். வெறிநோய் எச்சில் வழியாகவே பரவும் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. இரண்டு அங்குலக் கண் கேளுங்கள். அப்படியே மேல் விளிம்பையும் பாருங்கள். சில சுருள்களில் கம்பி முனை மடித்திருக்கும், சிலவற்றில் முறுக்கிக் கூராக நிற்கும். மடித்தது நாய்க்கு நல்லது. கூர்முனை தாவும் காலைக் கிழிக்கும்.

இனி அந்த முதல் அடி. வலையின் அடியில் ஒரு லைன் கம்பியைக் கோத்து இழுத்துக் கட்டாவிட்டால் வலை தரைக்கு மேல் தொங்கும் திரைதான். கட்டினாலும் நாய் தோண்டும். "அடியில கான்கிரீட் போட்டுருவோம்" என்றார் வேலி போட வந்த அண்ணாச்சி. செம்மண்ணிலோ சரளையிலோ அது சரியான யோசனை. கரிசலில் அப்படியில்லை. மழையில் ஊதி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் மண் இது. மெல்லிய கான்கிரீட் பட்டையும் அதோடு சேர்ந்து வெடிக்கும். வெடிப்புக்குள் மூக்கை விட்டுப் பார்ப்பதில்தான் நாய்க்கு ஆனந்தம். அதனால் நான் கேட்டது அடிவலை: இரண்டடி அகல வலையை வேலியின் அடியோடு கட்டுக்கம்பியால் இணைத்து, உள்பக்கமாகத் தரையில் படுக்கவிட்டு, இரண்டு மூன்று அங்குல மண்ணைப் போட்டு மூடுவது. நாய் எப்போதும் வேலியை ஒட்டியேதான் தோண்டும். நகம் கம்பியில் பட்டதும் பக்கத்தில் நகர்ந்து தோண்டும், அங்கேயும் கம்பி. இரண்டடி பின்னால் வந்து ஆரம்பிக்கலாம் என்பது அதற்குத் தோன்றாது. மண் அசைந்தால் வலையும் கூடவே வளைந்துகொடுக்கும். இந்த விமர்சனத்தில் செலவுக்கு மிஞ்சிய பலன் தந்தது இதுதான்.

உயரத்தைப் பொறுத்தவரை சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நாட்டு நாய்களுக்கு ஆறடிக்குக் குறையக் கூடாது. ஆறடியிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. கம்பத்தின் தலையில் இரும்பு ஆங்கிளை உள்பக்கம் சாய்த்துப் பொருத்தி அதிலும் வலையையே கட்டினால் தாவ நினைக்கும் நாய்க்குத் தலைக்கு மேல் கூரை தெரியும், தயங்கும். வழக்கமாக இந்த ஆங்கிளை வெளியே சாய்த்து முள்கம்பி ஓட்டுவார்கள், அது திருடனுக்கு. வேலியோரமாகத் துவைகல்லோ விறகுக் குவியலோ தண்ணீர்த் தொட்டியோ கிடந்தால் ஆறடி வேலி நாலடியாகிவிடும். அவற்றை நகர்த்துவதற்குக் காசு ஆகாது.

ரெடிமேட் காம்பவுண்ட் சுவரில் ஏற முடியாது, பிடிமானம் இல்லை. பள்ளம் வெட்டிய தூண்களுக்கு நடுவே பலகை பலகையாகக் கான்கிரீட்டை இறக்குவதால் வேலை சீக்கிரம் முடியும். பெரிய லாபம், வெளியே போவது நாய்க்குத் தெரியாது; தெரியாததைப் பார்த்துக் குரைப்பதும் இல்லை. கம்பி வலைப் பக்கம் நாள் முழுக்க ஆர்ப்பாட்டம் செய்கிற அதே நாய் இந்தச் சுவரோரம் படுத்துத் தூங்குகிறது. குறைகளும் உண்டு. தரை சரிவாக இருந்தால் கடைசிப் பலகைக்கு அடியில் முக்கோணச் சந்து விழும். காற்று அடைபடும், சித்திரையில் அந்தப் பக்கம் நிற்க முடியாது. கம்பி வலையிலேயே கீழ் நாலடிக்குப் பச்சை நிழல் வலையைக் கட்டினால் பார்வை மறையும், காற்றும் ஓரளவு வரும். சுவருக்குச் செலவழிப்பதைவிட எனக்கு அதுவே பிடித்தது.

உயிர்வேலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கொங்குப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் கிளுவை வேலி ஆட்டையும் மாட்டையும் அழகாக நிறுத்துகிறது. நாய்க்கு அதன் அடியில் எப்போதும் ஒரு பாதை உண்டு. அழகுக்காக அரளியை வேலியோரம் வைத்திருந்தால் பிடுங்கிவிடுங்கள். இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் விஷம், கடித்துப் பார்க்கும் குட்டிகளுக்கு ஆபத்து.

அடுத்தது கழுத்துப்பட்டை வேலி. போன் செயலியில் வரைபடத்தின் மேல் கோடு கிழித்தால், அந்தக் கோட்டை நெருங்கும் நாயின் பட்டை முதலில் ஒலிக்கும், பிறகு அதிரும், கடைசியில் ஷாக் கொடுக்கும். இதன் மூதாதை 1970-களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் உருவாக்கிய, தரையில் கம்பி புதைக்கும் முறை. கண்ணுக்குத் தெரியும் வேலிக்குக் குடியிருப்புச் சங்கங்கள் தடை போடும் புறநகர்கள் அங்கே நிறைய. அந்தத் தேவைக்குப் பொருந்தியது. வேல்ஸில் 2010 முதல் நாய்க்கு ஷாக் கொடுக்கும் பட்டைக்கே தடை இருக்கிறது. ஷாக்கை அணைத்துவிட்டு ஒலி, அதிர்வு மட்டும் வைத்து நான் சோதித்தேன்.

கணக்கே இடிக்கிறது. ஐந்து சென்ட் என்பது சுமார் 2,178 சதுர அடி, ஏறக்குறைய 45-க்கு 48. திறந்த வானத்தின் கீழேயே சாதாரண ஜிபிஎஸ் ஐந்து மீட்டர், அதாவது பதினாறு அடி, தவறலாம். மாமரமும் மாடிச் சுவரும் இருந்தால் இன்னும் கூடும். நாலு பக்கமும் பதினாறு அடியைக் கழித்தால் நாய்க்கு மிஞ்சுவது ஒரு அறை. கிணற்றடியில் சும்மா படுத்திருந்த நாய்க்குப் பட்டை ஒலித்தது. பாவம், எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. வேகம் இன்னொரு தொல்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 11 மீட்டர். பட்டை யோசித்து முடிப்பதற்குள் நாய் ரோட்டில். எல்லாவற்றுக்கும் மேலே, தெருநாய் பட்டை கட்டிக்கொண்டு வராது. நம் ஊரில் வேலியின் பாதி வேலை வெளியே உள்ளதை வெளியே வைப்பது; அந்த வேலையை இது தொடுவதே இல்லை. பல ஏக்கர் தோப்பில், ஓடிப்போன நாய் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் வாங்கலாம்.

மின்சாரக் கம்பியை நேராக வேலியில் இணைப்பது குற்றம், கொலைக்குச் சமம். அதில் விமர்சனத்துக்கு இடமில்லை.

மீதி இருப்பது கதவு. நாய் தொலைந்துபோன வீடுகளில் விசாரித்துப் பாருங்கள், வேலி அப்படியே இருக்கும்; கேஸ் சிலிண்டர்காரரோ தண்ணீர் கேன் தம்பியோ திறந்த கதவுதான் காரணமாக இருக்கும். கதவு உள்பக்கம் திறக்க வேண்டும். அடியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. சாதாரணக் கொண்டியை இந்தக் கடுவன் மூக்காலேயே தூக்கக் கற்றுக்கொண்டான். தாழ்ப்பாளுக்கு மாறிய பிறகுதான் நின்றது. இடம் இருந்தால் கதவுக்கு உள்ளே நாலடி தள்ளி இன்னொரு சின்ன வலைக்கதவு வையுங்கள், ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறக்கலாம். தீபாவளி இரவுக்கு மட்டும் எந்த வேலியையும் நம்பாதீர்கள். வெடிக்குப் பயந்த நாய் எங்கேயாவது வழி கண்டுபிடிக்கும், வீட்டுக்குள் கட்டுங்கள்.

கையில் பணம் குறைவென்றால் முதலில் கதவு, அடுத்து அடிவலை. பச்சை வலைக்கு அவசரமில்லை. உயரத்தைக்கூட அடுத்த வருஷம் ஏற்றிக்கொள்ளலாம், தூணை மட்டும் இப்போதே எட்டடியில் வாங்கி இரண்டடியை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். மூலைத் தூண்களுக்குச் சாய்வு முட்டுக் கொடுக்கவும் சொல்லுங்கள். கரிசல்காரர்கள் குழியைச் சுற்றிக் கிராவல் நிரப்பச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள், இல்லாவிட்டால் தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளிவிடுவார்கள்.