எட்டும் தூரம்

எங்கள் ஊர் அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரம் கூப்பிடு தூரம்தான். 1863 மே 30 அன்று, அங்கே படைத்திடலை ஒட்டிய சரளைக் குழி ஒன்றில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு முதல் சான்றாக அது அமைந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி அது. அதன் எல்லை, பிடித்தவனின் கை நீளம். அதற்குமேல் ஒரு விரற்கடைகூட எட்டாது. தன்னால் எவ்வளவு தூரம் முடியும் என்ற சந்தேகமே அவனுக்கு எழுந்திருக்காது. வில் வந்த பிறகுதான் அந்தக் கேள்வி பிறந்தது. கை எட்டாத இடத்துக்கு அம்பு எட்டுகிறது. ஆனால் அம்பு எட்டுகிற இடத்துக்கெல்லாம் வில்லாளியின் திறமை எட்டுவதில்லை.

வில்வித்தையில் எனக்கு ஆகப் பிடித்த நுட்பம் இந்த இரண்டு தூரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. நல்ல வில்லாளிக்குத் தன் எல்லை தெரியும். அதற்கு ஓர் அடி அப்பால் இலக்கு நின்றாலும் நாணிலிருந்து விரலை எடுக்க மாட்டான். அந்த அறிவை அவன் எப்படிச் சம்பாதிக்கிறான் என்று பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

தூரத்தைக் கொண்டாடிய வில்மரபுகள் உலகில் உண்டு. இஸ்தான்புல்லின் ஓக்மைதானில், ஒட்டோமான் வில்லாளிகள் 800 மீட்டருக்கும் அப்பால் எய்த அம்புகளின் நினைவாகக் கல் நட்டார்கள். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம், 24 வயது கடந்தவர்கள் 220 கஜத்துக்குக் குறைவான இலக்கில் பயிற்சி செய்யக் கூடாது என்றது. போர்க்களத்தில் எதிரே நிற்பது ஒரு கூட்டம். ஆயிரம் அம்பு வானத்தில் ஏறி இறங்கினால் எது யார்மேல் பட்டாலும் கணக்குதான். வள்ளுவரும் படைச்செருக்கு அதிகாரத்தில், முயலை வீழ்த்திய அம்பைவிட யானைமேல் எறிந்து குறி தப்பிய வேலே மேல் என்கிறார். வீரனுக்கு அது பொருந்தும். அவனுடைய தோல்வியில் ஒரு பெருமிதம் இருக்கிறது.

வேட்டைக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மானின் மேல் எய்து குறி தப்பினால் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. பாதி தப்பினால் இன்னும் கொடுமை. நம் அகத்துறைகளில் ‘கலைமான் வினாதல்’ என்று ஒன்று உண்டு. அம்பு தைத்த கலைமான் ஒன்று இந்தப் பக்கம் ஓடி வந்ததா என்று, புனம் காக்கும் பெண்களிடம் வந்து நிற்பான் தலைவன். கோவை நூல்களில் இது தலைவியிடம் பேச்சுக் கொடுக்க அவன் கண்டுபிடித்த சாக்கு. ஆனால் கேட்பவர்கள் நம்பக்கூடிய சாக்காக அது இருந்திருக்க வேண்டும். அம்போடு ஓடிய மானைத் தேடி மலையெல்லாம் அலைவது அன்றைய குறிஞ்சி நிலத்தில் எல்லோரும் அறிந்த காட்சி என்பதால்தான் அந்தத் துறை நின்றது. காதலுக்கு உதவிய அந்த மானை வில்லின் பக்கமிருந்து பார்த்தால், அது யாரோ தன் எல்லையைத் தாண்டி எய்த அம்பைச் சுமந்துகொண்டு ஓடுகிற மானாகவும் இருக்கலாம்.

இதோடு புறநானூற்றின் 152ஆம் பாடலையும் வைத்துப் பார்க்கிறேன். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துப் போனதாக வன்பரணர் பாடுகிறார். உயர்வு நவிற்சி என்று ஒதுக்கிவிடாமல் கவனித்தால் ஒன்று தெரியும். எவ்வளவு தொலைவிலிருந்து எய்தான் என்பதற்கு அங்கே புகழ் இல்லை. அம்பு எவ்வளவு ஆழம் போனது என்பதற்குத்தான். வேட்டை வில்லின் இலக்கணம் அந்தப் புகழுக்குள் இருக்கிறது.

காரணம் எளியது. துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தின் அதிர்ச்சியாலும் சேதப்படுத்தும். அம்பு அறுக்க மட்டுமே செய்யும். அதன் அகன்ற முனை நுரையீரலையோ இதயத்தையோ ஊடறுத்துப் போனால் மான் சில விநாடிகளில் விழுந்துவிடும். வயிற்றிலோ தொடையிலோ பட்டால் அது மணிக்கணக்கில் ஓடும், ஒளியும், வதைபடும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ்ப்பாதியில் இருக்கும் அந்த உயிர்நிலையின் அகலம் ஏறக்குறைய ஒரு சாண். மான் பக்கவாட்டில் நிற்கும்போது அது முழுதாகத் திறந்திருக்கும். நம்மை நோக்கிச் சாய்வாகத் திரும்பினால் தோள் எலும்பு மறைத்துவிடும். ஆகவே வேட்டை வில்லாளியின் கேள்வி மானைத் தொட முடியுமா என்பதில்லை. இந்த ஒரு சாணை எத்தனை எட்டிலிருந்து தவறாமல் தொடுவேன் என்பதே.

இங்கே கணக்கு கொஞ்சம் கடுமையாகிறது. விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் அம்பை விடும் ஒரு சாதாரண வில்லை எடுத்துக்கொள்வோம். 20 மீட்டருக்குக் குறிவைத்திருக்கிறோம். இலக்கோ உண்மையில் 22 மீட்டரில் நிற்கிறது. அம்பு சுமார் 9 சென்டிமீட்டர் தாழ்ந்து படும். சாணுக்குள் அது அடங்கிவிடும். இப்போது தூரத்தை இரட்டிப்பாக்குவோம். 40 என்று நினைத்தது 44ஆக இருந்தால் அம்பு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் தாழ்ந்துபோகும். கண் செய்த பிழை இரண்டிலும் பத்தில் ஒரு பங்குதான். விளைவோ நான்கு மடங்கு. முதல் பிழையை மான் கவனிக்கவே வாய்ப்பில்லை. இரண்டாவதில் அம்பு வயிற்றடியில் உரசிப் போகும், அல்லது காலை உடைக்கும். தூரம் கூடக் கூடப் பிழை ஒன்றுக்கு ஒன்று என்று கூடுவதில்லை, பெருக்கிக்கொண்டே போகிறது. மலைச்சரிவில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. 30 பாகை சரிவில் 30 மீட்டர் மேலே நிற்கும் இலக்குக்கு 26 மீட்டருக்கு உரிய குறிதான் வைக்க வேண்டும். அம்பை மண் இழுப்பது கிடைமட்டத் தூரத்தின் கணக்கில்.

இது போதாதென்று மானுக்குக் காதும் இருக்கிறது. ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் ஓடும். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லின் அம்பு 85 மீட்டர் ஓடினால் அதுவே நல்ல வேகம். அதாவது நாண் விடுபட்ட ஓசை அம்புக்கு வெகு முன்னே மானைச் சேர்ந்துவிடுகிறது. 20 மீட்டரில் இந்த முன்னறிவிப்பு ஐந்தில் ஒரு விநாடிக்கும் குறைவு. 40 மீட்டரில் மூன்றில் ஒரு விநாடி. மிரண்ட மான் தாவுவதற்காக முதலில் காலை மடித்து உடலைத் தாழ்த்தும். சரியாகக் குறிவைத்த அம்புகூட அதன் முதுகுக்கு மேலே போய்விடும். தலையைக் குனிந்து மேயும் மானுக்கும், முன்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டு வாலைத் தூக்கி நிற்கும் மானுக்கும் ஒரே தூரம் பொருந்தாது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் தன் எல்லையை ஒருவர் எப்படிக் கண்டுகொள்வது? அமெரிக்க வில்வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாக இருக்கும் ஒரு சோதனை இங்கேயும் பயிற்சித் திடல்களில் செய்து பார்க்கக் கூடியது. ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை இலக்கில் குத்திவைக்கிறார்கள். நம் சாண் அளவேதான். பக்கத்திலிருந்து தொடங்கி, எய்யும் அம்பெல்லாம் தட்டுக்குள் இருந்தால் சில எட்டு பின்னால் நகர்கிறார்கள். ஓர் அம்பு வெளியே போனதும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முந்தைய நிலைதான் உங்கள் தூரம்.

புறநகர்த் திடல் ஒன்றில் இதை ஒரு மாணவன் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். 25 மீட்டரில் அவனுடைய முதல் அம்பு தட்டின் விளிம்புக்கு வெளியே நான்கு விரல் தள்ளிக் குத்தியது. அடுத்த ஐந்தும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சிறகோடு சிறகு உரசியது.

“இன்னும் ரெண்டு எட்டு பின்னால போகட்டுமா மாஸ்டர்?”

“முதல் அம்பு எங்க இருக்குன்னு பாருடா. மான் உன்னோட ஆறாவது அம்புக்காக நிக்குமா?”

அந்த ஒரு கேள்வியில் முழுப் பாடமும் அடங்கியிருந்தது. உடம்பு சூடேறி, தோள் பழகி, கை தன் தாளத்தைப் பிடித்த பிறகு எய்யும் அம்பு நம் ஆசையைச் சொல்லும். குளிர்ந்த உடம்பில் எய்யும் முதல் அம்புதான் உண்மையைச் சொல்லும். பையன் மறுபேச்சில்லாமல் 20 மீட்டர் கோட்டுக்கு வந்தான். முன்னே நடந்த அந்த ஐந்து மீட்டரில் அவன் தேர்ச்சியடைந்தான் என்றே நினைக்கிறேன். எங்கள் ஊர் நெசவில் ஒரு பழைய கணக்கு உண்டு. நாடாவைக் கையால் எறிந்து மறுகையால் வாங்கி நெய்த காலத்தில், துணியின் அகலம் நெய்கிறவரின் இரு கை எட்டும் அகலம்தான். அதற்குள் எத்தனை அழகு கூட்ட முடியும் என்பதில்தான் தொழில் இருந்தது. வில்லாளியும் அப்படியொரு அகலத்துக்குள் வேலை செய்கிறவர்.

அந்த எல்லையும் கல்லில் வெட்டியதில்லை. சமதரையில் 25 மீட்டர் வைத்திருப்பவர், காற்றடிக்கும் நாளில் 18 என்று சுருக்கிக்கொள்வார். சாயங்கால வெளிச்சம், மலையேறிய மூச்சு, பரணில் உட்கார்ந்து மரத்த கால், இடையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுள்ளி, எல்லாம் அதிலிருந்து கழியும். கூட்டிக்கொள்வதற்கு எதுவும் கிடையாது.

தூரத்தை வெல்ல இன்னொரு வழி, அதைக் காலால் குறைப்பது. கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் எஞ்சிய கடைசி மனிதரான இஷி, 1911இல் ஓரோவில் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடமே வில் கற்று, பின்னர் 1923இல் வில்வேட்டை பற்றி நூல் எழுதினார். விரலை உதட்டில் வைத்து முத்தமிடுவது போல் ஒலியெழுப்பி முயலை அருகே வரவழைப்பார் இஷி. வண்ண வட்டம் வரைந்த பலகையில் அவர் பெரிய வில்லாளியாகத் தெரியவில்லை. காட்டில் அவருக்கு நிகரில்லை. இலங்கையின் வேடர்களிடமும் இதே மரபுதான். தடம் பார்த்து, சருகு ஒலிக்காமல் அடியெடுத்து, விலங்கை நெருங்குவதில்தான் அவர்களுடைய திறமை. வில் கடைசியில் வரும். வேட்டையின் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். கிண்டி தேசியப் பூங்காவின் 2.7 சதுர கிலோமீட்டரில் புள்ளிமானும் வெளிமானும் மாநகரத்துக்கு நடுவே மேய்வது நமக்குக் கிடைத்த பேறு. கம்பிவேலிக்கு இப்பால் நின்று அந்த மான் எத்தனை எட்டில் நிற்கிறது என்று கண்ணால் அளந்து பார்ப்பதோடு என் வேட்டை முடிந்துவிடுகிறது. மரத்தடியில் நிற்பது எட்ட இருப்பது போலவும், வெட்டவெளியில் நிற்பது கிட்ட இருப்பது போலவும் கண் ஏமாற்றும். தெருவில் நடக்கும்போதும் மின்கம்பம் வரை எத்தனை எட்டு என்று மனத்தில் சொல்லிவிட்டு நடந்து சரிபார்க்கலாம். காசு செலவில்லாத இந்தப் பயிற்சி கண்ணை அடக்கத்துக்குக் கொண்டுவரும்.

உயிர்க்கொலை இல்லாமல் இந்தக் கலை தொடர ஓர் ஆட்டமும் இருக்கிறது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பு நடத்தும் முப்பரிமாணப் போட்டிகளில், மான் முதலிய விலங்குகளின் நுரைப்பொம்மைகளைக் காட்டுப்பாதை நெடுக வைத்திருப்பார்கள். தூரத்தைச் சொல்ல மாட்டார்கள், தூரமானிக்கும் அனுமதியில்லை. கப்பி இல்லாத மரபு வில்லுக்கு அதிகபட்சம் 30 மீட்டர், காம்பவுண்டுக்கு 45. வேட்டையின் கடினமான பகுதியான தூரக்கணிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ரத்தத்தை விலக்கிவிட்டார்கள். நீலகிரியிலோ கொல்லிமலையிலோ அப்படியொரு பாதை அமைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஓரிக்கு ஆடிதோறும் விழா எடுக்கும் மலைக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்டம் வேறு தெரியவில்லை.

அதுவரை நமக்கு 70 மீட்டர் ரீகர்வ் வில் போட்டியும், 50 மீட்டர் காம்பவுண்ட் போட்டியும், மூங்கில் வில்லோடு விளையாடும் இந்தியன் ரவுண்டும் இருக்கின்றன. 70 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டர், சாணில் பாதி. இந்தத் தூரத்தை விதி தீர்மானித்துவிடுகிறது. வில்லாளி பின்வாங்க வழியில்லை என்று தோன்றும். அங்கேயும் அந்தப் பழைய வேட்டை அறிவு வேறு உருவில் வேலை செய்கிறது. நேருக்கு நேர் சுற்றுகளில் ஓர் அம்புக்கு 20 விநாடி. நாணை முழுதாக இழுத்துத் தாடையில் பதித்து, எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கும் நேரத்தில், சிலர் விடாமல் மெல்ல இறக்கிவிடுவார்கள். தோள் சற்று விலகியிருக்கும், காற்று திரும்பியிருக்கும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, மூச்சு வாங்கி மறுபடி இழுப்பார்கள். கூட்டம் கைதட்டுவது பத்து விழுந்த பிறகு. அடுத்த முறை போட்டி பார்க்கும்போது, அம்பை விடாமல் வில்லை இறக்குகிற அந்த முடிவைக் கவனியுங்கள். தன்னால் எது முடியாது என்பதை அழுத்தத்தின் நடுவிலும் சரியாகக் கணிப்பவருக்குத்தான், முடிந்ததெல்லாம் பத்தில் போய்ச் சேர்கிறது.