தொய்ந்த கயிறு

ஜி.பி.எஸ். வரைபடத்தில் ஒரு நாய்வண்டி ஓட்டுநர் பெயருக்குப் பக்கத்தில் 14 என்று இருந்த நாய்களின் எண்ணிக்கை 11 ஆகிவிட்டால் போதும், 'இந்த வருஷம் ஆள் காலி' என்று நம் ஆட்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அலாஸ்காவின் இடிடரோட் நாய்வண்டிப் பந்தயத்தை ராத்தூக்கம் கெட்டுப் பின்தொடர்கிறவர்களே இப்படிப் பேசினால் என்ன செய்ய? செக்பாயின்டில் விட்ட நாய்க்கு மாற்று கிடையாதுதான். அது தெரிந்தேதான் விடுகிறார்.

வண்டியின் பின்னால் நிற்கும் அவர் கண் முழுக்க இழுவைக் கயிறுகளில் இருக்கும். மேட்டில் ஒரு கயிறு தொய்கிறதா? சோம்பல் என்பான் கத்துக்குட்டி. இந்த நாய்களுக்குச் சோம்பல் எங்கே வருகிறது? வலித்தாலும் ஓடத்தான் பார்க்கும், வம்பே அதுதான். அவர் இறங்கி முதலில் தோளையும் முன்னங்கால் மணிக்கட்டையும் தடவிப் பார்ப்பார். அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது தட்டு. 20, 25 கிலோ எடையுள்ள நாய் பந்தய நாளில் 10,000 கலோரி வரை எரிக்கிறது. அது இறைச்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் வயிற்றில் புண் இருக்கலாம். ரத்தம் கசியும்வரை வெளியே தெரியாத புண். வாந்தி மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியா. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தே பலர் ஓட்டுகிறார்கள், அதையும் மீறிப் புண் வரும். சிறுநீர் காபி நிறத்தில் போனால் தசை சிதைகிறது, சிறுநீரகத்துக்கே ஆபத்து. அதற்குமேல் யோசிக்க எதுவுமில்லை, அடுத்த விமானத்தில் ஏற்ற வேண்டியதுதான்.

போட்டியாளர்கள் சிலர் 'இன்னும் ஒரு செக்பாயின்ட் பார்ப்போம்' என்று இழுப்பார்கள். எனக்கு அந்த ஆட்டம் பிடிப்பதே இல்லை. ஒரு நாய் தளர்ந்தால் மொத்த அணியும் அதன் வேகத்துக்கு இறங்க வேண்டும். கடைசியில் அதை வண்டியில் ஏற்றிச் சுமக்கவும் வேண்டும்.

இந்த மார்ச்சில் வெயில் அடிக்கும் என்றே நினைக்கிறேன். பூஜ்யம் டிகிரி நமக்குக் குளிர், இழுத்து ஓடும் நாய்க்கு அது கத்திரி வெயில். அவர் பகலில் படுக்கவைத்து இரவில் ஓட்டுவார், வரைபடத்தில் பின்தங்கித் தெரிவார். யூகான் ஆற்றைத் தாண்டும்போது 10 நாய். ஒயிட் மவுன்டனில் கட்டாய 8 மணி நேர ஓய்வுக்கு நிற்கும்போது 8. முடிக்க 5 போதும் என்பது விதி. ஒயிட் மவுன்டனிலிருந்து பந்தயம் முடியும் நோம் வரை சுமார் 124 கிலோமீட்டர். 13 நாயோடு முன்னால் போனவரை அந்தக் கடற்கரைக் காற்றில் எட்டே நாய் தாண்டும், எட்டுக் கயிறும் விறைப்பாக.