கடன் நோட்டு இல்லாத வணிக வரலாறு

சோழமண்டலக் கரை வணிகர்களைப் பற்றி சின்னப்பா அரசரத்தினம் 1986-ல் எழுதிய புத்தகத்தை ரெண்டாவது தடவை படிச்சு முடிச்சேன். பழவேற்காட்டு டச்சுக்காரர்கள், துணி ஏற்றுமதி, சரக்கு பிடித்துக் கொடுத்த பெரிய வணிகர்கள் என்று எல்லாவற்றையும் கம்பெனி ஆவணங்களிலிருந்து பொறுமையாகக் கட்டியிருக்கிறார். அந்த உழைப்புக்கு முன்னால் நானெல்லாம் ஒண்ணுமே இல்லை. ஆனா ஒரு படி அரிசி வாங்கப் போனவர் அநேகமாக என் கண்ணில் படவே இல்லை.

லைட்ஹவுஸ் குப்பத்தில் நின்றால் இது உறுத்தும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் மணல். மீனை விற்றுத்தான் அரிசி. கடலுக்குப் போக முடியாத நாளில், கடைக்காரர் நோட்டில் எழுதிக்கிட்டுத் தர்றதுதான் சாப்பாடு.

கம்பெனி எழுதாததை அவர் எங்கே தேடுவார் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஷெட்லாந்தைப் பாருங்கள். அங்கே மீனை வாங்கிய முதலாளியே கடையும் வைத்திருந்தார். மீனவரின் வருமானம் அந்தக் கடைப் பாக்கியிலேயே கழிந்தது. 1872-ல் பிரிட்டிஷ் விசாரணைக் குழு மீனவர்களையே உட்காரவைத்துக் கேட்டு, அதைக் கேள்வி-பதிலாகவே அச்சிட்டது. பழவேற்காடும் அப்போது அதே ஆட்சியில்தான் இருந்தது.

இன்றைய குப்பத்துக் கடை நோட்டுகளையாவது, பாக்கி தீர்ந்து கிழிக்கறதுக்கு முன்னாடி யாராவது கேட்டு வாங்கிப் படிக்கலாம்.