கனவும் மெய்நிகர் உலகும்: ‘கனவுநிலை உரைத்தல்’ அதிகாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மெய்நிகர்த் தொழில்நுட்பம் பரவத் தொடங்கியபின், கனவை இயற்கை அளித்த மெய்நிகர் உலகம் எனக் கூறும் ஒப்புமை வழக்குப் பெற்றுள்ளது. ஆலன் ஹாப்சன், கார்ல் ஃபிரிஸ்டன் முதலியோர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரை, மெய்நிகர் உலகை ஆக்கும் ஆற்றல் மூளைக்குப் பிறவியிலேயே உண்டு என்றும், அது கனவு நிகழும் உறக்கத்தில் செப்பமுறுகிறது என்றும் கருதுகிறது. இவ்வொப்புமையைத் தமிழ் அகக் கனவுகளுக்கும் பொருத்திப் பார்ப்பது எளிது. எனினும், அப்பொருத்தம் பனுவலின் நுட்பத்தை மறைத்துவிடவும் கூடும். திருக்குறள் 122ஆம் அதிகாரம் இவ்வொப்புமைக்கு எந்த அளவு இடந்தருகிறது, எவ்விடத்தில் அதனை மறுக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒப்புமை பொருந்தும் இடம்

1968இல் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய தலையணி காட்சிக் கருவியில், காண்பவர் தலையைத் திருப்பும்போது காட்சியும் அதற்கேற்ப மாறியது. புறத்தே இல்லாத ஒன்று எதிரே இருப்பதான உணர்வை எழுப்புவதே அத்தொழில்நுட்பத்தின் அடிப்படை. நுகரும் பொழுதில் நனவின்பமும் கனவின்பமும் ஒரு தன்மையன என்னும் குறள் 1215இன் கருத்து இதனோடு ஒத்துச் செல்கிறது. நனவில் அருளாதவரைக் கனவில் காண்பதாலேயே உயிர் தங்கியுள்ளது என்கிறாள் 1213இன் தலைவி. கனவின் பயன் விழித்த உடலிலும் தொடர்கிறது. ஆகவே கனவைப் பொய் என ஒதுக்கும் பார்வை இவ்வதிகாரத்தில் இல்லை.

கட்டுப்பாடு என்னும் சிக்கல்

கருவியை வேண்டும்போது அணியலாம். கனவை அவ்வாறு அழைக்க இயலாது. தான் இரந்து கேட்பதற்கு இணங்கிக் கண்கள் உறங்குமாயின், கனவில் வரும் காதலரிடம் தான் உயிர் தாங்கியிருக்கும் நிலையை உரைப்பேன் என்பது 1212இன் கருத்து. நனவில் கொண்ட நோக்கத்தைக் கனவுக்குள் எடுத்துச் செல்லும் விருப்பம் இதில் வெளிப்படுகிறது. கனவு காண்கிறோம் என்னும் உணர்வோடு கனவு காண்பவர்களை ஆராய்ந்த கீத் ஹெர்ன் 1975இலும், பின்னர் ஸ்டீபன் லாபெர்ஜும், உறங்குபவர் முன்னரே பேசிவைத்த கண்ணசைவுகளால் குறிப்புணர்த்த இயலும் எனக் காட்டினர். நான்கு நாடுகளில் 36 பேரிடம் நிகழ்த்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், உறக்கத்திலேயே எளிய கணக்குகளுக்குச் சிலர் கண்ணசைவால் விடையளித்தனர். ஆய்வகத்தில் கனவிலிருந்து வெளியே செய்தி வருகிறது. தலைவியோ கனவுக்குள் செய்தி சொல்ல விழைகிறாள். இருவகையிலும் வாயில் கண்ணே.

ஆயினும், கனவு தலைவியின் விருப்பத்திற்கு முழுதும் அடங்குவதில்லை. நனவில் அருளாத கொடியவர் கனவில் வந்து வருத்துவது ஏன் என 1217 வினவுகிறது. நுகர்வோரின் தேர்வுக்கேற்ப அமைக்கப்படும் செயற்கை உலகிலிருந்து இக்கனவு வேறுபடும் முதல் இடம் இது.

நனவின் இடமும் சான்றும்

பத்துக் குறள்களுள் ஏழில் ‘நனவு’ என்னும் சொல் பயில்கிறது. அவற்றுள் நான்கில் அது தலைவன் அருளாமையோடு இணைந்தே வருகிறது. கனவைப் பாடும் அதிகாரம் நனவை ஒருபோதும் மறக்கவில்லை. நனவு என ஒன்று இல்லையாயின் காதலர் பிரியார் என்னும் 1216, நனவை அறவே நீக்கிவிடும் வேட்கைக்கு மிக அணுக்கமானது. அங்கு வரும் ‘மன்’ என்னும் இடைச்சொல்லைப் பரிமேலழகர் ஒழியிசையாகக் கொள்வார். நனவு இடையே புகுந்து பிரித்துவிட்டது என்னும் சொல்லப்படாத எச்சம் அவ்வேட்கையைத் தடுத்து நிறுத்துகிறது.

செயற்கை மெய்நிகர் உலகைப் பதிவு செய்யலாம். பிறரும் அதனுள் நுழையலாம். கனவுக்கு அத்தகைய சான்று இல்லை. தலைவர் நீங்கினார் எனப் பழிக்கும் ஊரார் அவரைக் கனவில் காண்பதில்லையோ என்று 1220இல் தலைவி கேட்கிறாள். பிறர் காண இயலாத ஒன்றையே அவள் தன் மறுமொழியாக முன்வைக்கிறாள். அதற்குரிய ஒரே வழி உரைத்தல். அதிகாரத்தின் பெயரும் அதுவே. தலைவி தான் கண்டதைத் தோழிக்குச் சொல்லுதல் எனப் பரிமேலழகர் இதனை விளக்குவதும் கருதத்தக்கது. அவள் கனவை நிறைவேறாத ஆசைக்கான ஈடு என்று மட்டும் படிக்கும் திறனாய்வு, அவளை நம்பாத ஊராரின் பக்கமே சென்றுசேரும்.

முடிவுரை

நுகர்வின் தன்மையில் கனவும் மெய்நிகர் உலகும் ஒத்திருப்பினும், ஆளுகையிலும் சான்றிலும் இரண்டும் வேறுபடுகின்றன. இலக்கியக் கனவை மெய்நிகர் எனப் பெயரிடுமுன், அதனை ஆள்பவர் யார், அதனுள் பிறர் நுழைய இயலுமா, எந்நிலையில் நின்று அது மதிப்பிடப்படுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண வேண்டும். இவ்வதிகாரத்தின் கனவு தலைவிக்கு முழுதும் அடங்குவதில்லை. ஊரார் அதனுள் நுழைய இயலாது. அதன் மதிப்போ நனவில் நின்றே உரைக்கப்படுகிறது. அவ்வுரையைக் கேட்டு ஏற்கும் தோழியின் இடமே இப்பனுவலைப் படிப்போருக்கும் உரியது.