கண்ணால் கற்பவர், காதால் கற்பவர்: ஒரு நம்பிக்கையின் வரவு செலவு

சில பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டினால்தான் ஏறும். சிலருக்குக் காதால் கேட்டாலே போதும். ஆசிரியர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை இது. நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் 1992இல் முன்வைத்த ‘வார்க்’ முறை, பார்ப்பவர், கேட்பவர், படித்து எழுதுபவர், செய்து பார்ப்பவர் என்று கற்பவர்களை வகைப்படுத்தியது. பிரிட்டன், நெதர்லாந்து ஆசிரியர்கள் 242 பேரிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், மாணவர்களுக்கு அவரவர் பாணியில் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதைப் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒப்புக்கொண்டார்கள்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. பாடம் புரியாத பிள்ளையை மக்கு என்று ஒதுக்காமல், சொல்லிக்கொடுத்த விதத்தைச் சந்தேகிக்க இந்தக் கொள்கை ஆசிரியரைத் தூண்டியது. படமும் பாட்டும் செய்முறையும் வகுப்புக்குள் வரவும் காரணம் தந்தது.

சிக்கல் அடிப்படையில் இருக்கிறது. கொள்கை உண்மையென்றால், ‘பார்ப்பவர்’ படத்தாலும் ‘கேட்பவர்’ ஒலியாலும் கூடுதலாகக் கற்க வேண்டும்; முறையை மாற்றிக் கொடுத்தால் இருவருமே பின்தங்க வேண்டும். ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் அதுவரை வந்த ஆய்வுகளை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார்கள். வகுப்பறையில் புகுத்தும் அளவுக்குச் சான்று எதுவும் தேறவில்லை. கேட்பதா, படிப்பதா என்று பெரியவர்களிடம் சோதித்த 2015ஆம் ஆண்டு ஆய்விலும், விருப்பத்துக்கும் கற்ற அளவுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

விருப்பம் உண்டு. விருப்பமே திறன் அல்ல.

முத்திரையால் வரும் கேடு வேறு. ‘நான் செய்து பார்த்துக் கற்பவன்’ என்று நம்பிவிட்ட மாணவன், நீண்ட உரைநடையைப் படித்துப் பழகும் உழைப்பிலிருந்து நழுவ வழி பிறக்கிறது. தேசப்படம் கண்ணுக்கும் உச்சரிப்பு காதுக்கும் உரியவை; எந்தப் புலன் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடப்பொருளே முடிவுசெய்கிறது.

அப்படியானால் ஆசிரியர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்ததா? அதே 2012 ஆய்வில், மூளையைப் பற்றிப் பொதுவாக அதிகம் அறிந்திருந்த ஆசிரியர்களே இத்தகைய கட்டுக்கதைகளையும் அதிகம் நம்பினார்கள். அறிவியல் செய்தியோடு அறிவியல் போலத் தோன்றுவதும் சேர்ந்தே உள்ளே போயிருக்கலாம். பிலிப் நியூட்டன் குழுவின் 2017 ஆய்வில், சான்று இல்லை என்று விளக்கிய பிறகும் பிரிட்டன் உயர்கல்வி ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த முறையைக் கைவிடத் தயாராக இல்லை.

இதைப் பிடிவாதம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. பலவிதமாக நடத்தியதால் வகுப்பு கலகலப்பானதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். பலனைத் தந்தது வகைப்பாடா, பன்முகக் கற்பித்தலா என்பதைப் பிரித்துக் காட்டாத மறுப்பு அவர்களிடம் எடுபடாது. மாற்று வழியும் கையில் வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், பகுதியை மறுபடி படித்தவர்களைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவுகூர்ந்தார்கள். ஆனால் அவர்கள் கல்லூரி மாணவர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை மதிப்பெண் பயமில்லாமல் எப்படிச் செய்வது என்பதில்தான் ஆசிரியர் பயிற்சி இனி நேரம் செலவிட வேண்டும். பிள்ளைகளை வகை பிரிக்கும் வினாத்தாள்களில் அல்ல.